மூன்றாம் மாடி மெத்தை

வீட்டுவசதி வாரிய அதிகாரி கையெழுத்துப் போடுவதற்கு எழுபத்தொரு மணி நேரம் இருந்தபோது, அப்பாவுக்குத் தான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது.

சொல்லிக்கொடுத்தது ஒரே வார்த்தை. அசையாதீங்க.

செவ்வாய்க்கிழமை மதியம், கட்டிடக்கலைக் கல்லூரியின் கணினி அறை. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். வாரியம் பிரிக்கப்போகும் பழைய குடியிருப்பில் ஒரு வீட்டின் உள்பக்கத்தைப் பேராசிரியை திரையில் மெதுவாகச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். லேசர் பட்ட இடமெல்லாம் ஒரு புள்ளி. கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து சுவராகவும் கதவாகவும் தண்ணீர்க் குழாயாகவும் நின்றன. அடுப்பு மேடையிலிருந்து ஜன்னல் வரைக்கும் மட்டும் ஏதோ ஒன்று புகை போல நீண்டு கிடந்தது.

“இது தூசி இல்ல,” என்றார் பேராசிரியை. “ஆள்.”

முதல் மாடியில் வயதான கணவனும் மனைவியும் யாருக்கும் தெரியாமல் குடியிருந்திருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்தபோது அந்த அம்மாள் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். நடப்பவர்களை லேசர் முழுதாகப் பிடிக்காது. ஈரத் துணியால் இழுத்துத் தேய்த்த கறை மாதிரிதான் பிடிக்கும். அந்தக் கறையைக் கண்டதும் மென்பொருள் தானாகவே ‘குடியிருப்பு’ என்று குறித்துவிட்டது. ஆள் இருப்பதாகக் கணக்கெடுப்பில் பதிவான வீட்டை, மாற்று அறை கொடுக்காமல் தொடக்கூடாது என்பது வாரியத்தின் விதி. அந்த இருவரிடமும் பத்திரம் இல்லை, ரசீது இல்லை. ஆனாலும் போன வாரமே அறை கிடைத்துவிட்டது.

“மெஷின் பத்திரம் கேக்காது,” என்றார் பேராசிரியை. அவர் குரலில் இருந்த சந்தோஷம் உண்மையானது. “ஆள் இருக்கா இல்லையா, அவ்வளவுதான் பார்க்கும்.”

கையெழுத்து ஆன பிறகு யாராவது இருப்பது தெரிந்தால் என்ன ஆகும் என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். வகுப்பில் அவனுக்குப் பெயர் ட்ரோன். எதைப் பேசினாலும் மேலே பறந்துகொண்டே பேசுவான். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி கையெழுத்துப் போட்டதும் கணக்கு மூடிவிடும், அதன்பின் காலி என்று எழுதியிருப்பது காலிதான் என்று பேராசிரியை சொன்னார். திங்கட்கிழமை மேலிருந்து கழற்ற ஆரம்பிப்பார்கள். முதலில் மூன்றாம் மாடி.

மூன்றாம் மாடியின் கிழக்குக் கோடி வீட்டில் அந்த நேரம் அவளுடைய அப்பா படுத்திருந்தார்.

*

அந்த ஆண்டு இறுதியாண்டு மாணவர்களுக்கு வந்த புதுப் பாடம், இடிக்காமல் பிரிப்பது. பழைய கட்டிடத்தை நொறுக்கிக் குப்பைமேட்டில் கொட்டாமல், கதவைக் கதவாக, கம்பியைக் கம்பியாக, செங்கல்லைச் செங்கல்லாகக் கழற்றி இன்னொரு கட்டிடத்துக்குக் கொண்டுபோவது. அதற்கு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று முதலில் துல்லியமாகத் தெரிய வேண்டும். வாரியம் தன் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கல்லூரிக்குப் பாடமாகக் கொடுத்தது. கல்லூரி நான்கு காலில் படியேறும் ரோபோ ஒன்றை வாங்கியது. அதற்குத் தலை இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், முதுகில், ஒரு லேசர் சுழன்றுகொண்டிருக்கும். மாணவர்கள் அதை நாய் என்றார்கள். அது ஒவ்வொரு அறைக்கும் போய் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு வரும். மனிதர்கள் கீழே வண்டியில் உட்கார்ந்திருந்தால் போதும்.

பேராசிரியை அந்தப் பாடத்துக்காக வாரியத்தின் படிகளை இரண்டு வருடம் ஏறி இறங்கியவர். ஒரு கைப்பிடி மணல்கூட வீணாகக் கூடாது என்பார். அவர் வீட்டுக் குப்பைத்தொட்டி வேலை இல்லாமல் ராஜினாமா செய்துவிட்டதாக மாணவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அவர் காதிலும் அது விழுந்திருக்கிறது. அவரும் சிரித்தார்.

நாய் கொண்டுவரும் புள்ளிகளை மென்பொருள் பொருள்களாகப் பிரிக்கும். கதவு, ஜன்னல், பீரோ, வாளி. ஒவ்வொன்றும் எங்கே போக வேண்டும் என்றும் சொல்லும். மாணவர்கள் அதைச் சரிபார்த்து, தேவையில்லாத புள்ளிகளைத் துடைத்து, ‘சரி’ என்று அழுத்த வேண்டும். துடைப்பதில் அவளுக்கு இணை யாரும் இல்லை. பறவை, காற்றில் ஆடிய கொடித்துணி, குறுக்கே ஓடிய பூனை, எல்லாவற்றையும் ஓரத்தில் பிசிறில்லாமல் எடுப்பாள். அதனால் அவளுக்குத் துடைப்பம் என்று பெயர். பேச்சும் குறைவு, மூலையில் இருப்பதும் வழக்கம் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கட்டிடத்துக்கு வகுப்போடு முதல்நாள் போனபோது, இருட்டான மாடிப்படியில் உடைந்திருந்த ஒரு படியைக் குனிந்துகூடப் பார்க்காமல் தாண்டிப் போனாள். பின்னால் வந்த ட்ரோன் அதில் காலை விட்டு முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். அதோடு பேராசிரியை எல்லோரையும் கீழே இறங்கச் சொல்லிவிட்டார்.

“உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“பார்த்தேன்,” என்றாள்.

அந்தப் படியை நான்கு வருடமாக அவள் தாண்டிக்கொண்டிருந்தாள்.

வீடு பெரியப்பாவுடையது. அப்பா சென்ட்ரிங் வேலை செய்தவர். ஒரு கட்டிடத்தில் சாரம் சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமல் போனபோது, பெரியப்பாதான் தன் வீட்டை அவர்களுக்கு விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போனார். அதற்காக அப்பா அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். போன வருடம், வீட்டைக் காலி செய்து கொடுப்பவர்களுக்குப் புது வீடு என்று வாரியம் அறிவித்தது. பெரியப்பா காலி என்று கையெழுத்துப் போட்டுப் புது வீட்டை வாங்கிக்கொண்டார். இரண்டு மாதத்துக்குள் எங்கேயாவது பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அம்மா பார்க்காத தெரு இல்லை. மாடியில் அறை கிடைத்தால் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. தரைத்தளத்தில் கிடைத்தால், வீட்டுக்காரர்கள் ஒருமுறை வந்து அப்பாவைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே வேறு யாருக்கோ சொல்லியாகிவிட்டது என்பார்கள். இரண்டு மாதம் ஒரு வருடமாயிற்று. மின்சாரத்தை வெட்டினார்கள், பிறகு தண்ணீரை. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். தெருக்குழாயில் பிடித்த தண்ணீரை இரண்டு பேருமாக மூன்று மாடி சுமந்தார்கள். ஜன்னலில் கம்பளி தொங்கியது. வீட்டில் இருந்த ஒரே போனை அவள்தான் கல்லூரிக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டுவருவாள். கல்லூரியில் அவள் கொடுத்திருந்த முகவரி பெரியப்பாவின் புது வீடு.

நாய் வருவது தெரிந்ததும் அம்மா கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளலாம் என்றாள். அவள் வேண்டாம் என்றாள். மூடிய கதவைக் கண்டால் மனிதர்கள் வந்து பார்ப்பார்கள். திறந்த கதவென்றால் நாய் மட்டும்தான் வரும். பாத்திரம் பண்டங்களைப் பரணில் ஏற்றிவிட்டு, கதவுக்கு ஒரு செங்கல்லை அண்டக்கொடுத்துவிட்டு, அப்பாவின் மேல் தலை முதல் கால் வரை போர்வையை இழுத்துவிட்டாள். அசையாதீங்க, அசைந்தால் ஆள் என்று தெரிந்துவிடும் என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பா நாய் வந்த கதையைச் சொன்னார். டக் டக்கென்று செருப்புப் போட்டு நடப்பது போல வந்ததாம். வாசலில் நின்றதாம்.

“குரைக்கவே இல்ல பாப்பா. தலை இல்லாதது எங்கிருந்து குரைக்கும். போர்வை ஓட்டை வழியாப் பார்த்தேன். அதுவும் பார்த்துச்சு. பிடிக்கல போல, திரும்பிப் போயிடுச்சு.”

மறுநாள் அந்த அறை அவள் திரைக்கு வந்தது. சுவரோரம் ஒரு நீண்ட மேடு. ஓரங்கள் சுத்தமாக இருந்தன, துடைக்க எதுவும் இல்லை. பக்கத்தில் மென்பொருள் எழுதியிருந்தது: மெத்தை, பழையது. மறுபயன்பாடு: இல்லை. சேருமிடம்: குப்பைமேடு. அவள் ஒரு பெருமூச்சு விட்டு ‘சரி’யை அழுத்தினாள். தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள். வீட்டில் அதைச் சொன்னபோது அப்பா, “பழையதா, புதுசா?” என்று கேட்டார். பழையது என்றாள். “அப்ப சரியாத்தான் பார்த்திருக்கு,” என்றார்.

அதெல்லாம் இரண்டு வாரத்துக்கு முன்பு. அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் போதும். அப்பா போர்வைக்குள் கையைச் சொறிந்திருந்தால் போதும். தரைத்தளத்தில் ஓர் அறை கிடைத்திருக்கும்.

*

வகுப்பு முடிந்ததும் பேராசிரியையின் அறை வாசலில் போய் நின்றாள். அவர் போனில் இருந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு எத்தனை நாற்காலி என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டார். அவள் மனதுக்குள் சேர்த்துவைத்திருந்த வாக்கியம் வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே போனபோது வேறொரு வாக்கியம் வந்தது. மூன்றாம் மாடியில் ஒரு பொருளின் வடிவம் தெளிவாக இல்லை, இன்னொரு தடவை ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டாள்.

பேராசிரியை திரையில் பார்த்தார். தெளிவாகத்தானே இருக்கிறது என்றார். பிறகு அவளைப் பார்த்தார்.

“சரி, உன் கண்ணுக்கு ஏதோ படுதுன்னா எடுத்துடலாம். வியாழக்கிழமை காலையில நாய் சும்மாதான் இருக்கு. ட்ரோனைக் கூட்டிட்டுப் போம்மா.”

அந்த ‘ம்மா’வுக்கு அவளுக்கு அழுகை வந்தது. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வருடமாக அடுப்புப் புகைகூட வெளியே தெரியாமல் இருந்து காப்பாற்றியதை, இவளே போய் இருக்கிறோம் இருக்கிறோம் என்று கூவப்போகிறாளா என்றாள். எழுத்தில் இந்த வீடு காலி. காலி வீட்டில் இருப்பவர்களுக்கு ஊரில் என்ன பெயர் என்று கேட்டாள். முதல் மாடிக்காரர்களுக்கு அறை கொடுத்ததை மகள் எடுத்துச் சொன்னாள். அம்மா, அவர்களுக்குக் கொடுத்தார்கள் என்றால் நமக்கும் கொடுப்பார்கள் என்று என்ன நிச்சயம் என்றாள். பேசிக்கொண்டே இரண்டு பேரும் அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். முதுகில் புண் இன்னும் ஆறவில்லை. அம்மா அதைத் துடைத்தாள்.

சுவரைப் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார்: “கை ஆட்டினா கேஸா போடுவாங்க? ஆட்டிட்டுப் போறேன்.”

ஒத்திகைகூடப் பார்த்தார். தேர்தலில் நிற்கிறவர் மாதிரி வலது கையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

*

வியாழக்கிழமை காலை அவள் கதவுக்குச் செங்கல்லை வைத்துவிட்டு இறங்கி, சுற்றுப்பாதையாகக் கல்லூரிக்குப் போய், கல்லூரி வண்டியில் திரும்பித் தன் வீட்டு வாசலுக்கே வந்தாள். ட்ரோன் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து நாயை இறக்கினான். இருவரும் டேப்லெட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவன் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினான். அவள் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

படிகள் வந்தன. உடைந்த படியை நாய் அழகாகத் தாண்டியது. அது உன் சொந்தக்காரன் போல என்றான் ட்ரோன். மூன்றாம் மாடி நடைபாதை வந்தது. செங்கல் வந்தது. கதவு. அறை மெதுவாகப் புள்ளி புள்ளியாக இருட்டிலிருந்து எழுந்தது. சுவரோரம் மேடு.

அவள் புகைக்காகக் காத்திருந்தாள். மேட்டின் வலதுபக்கம், கை இருக்கும் இடத்தில், கொஞ்சம் புகை வர வேண்டும்.

லேசர் சுற்றியது. மறுபடி சுற்றியது. மேடு மேடாகவே இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் ஓரங்கள் இன்னும் கூர்மையாகிக்கொண்டே வந்தன.

“போதும்ல?” என்றான் ட்ரோன்.

“இன்னும் கொஞ்ச நேரம்.”

“மெத்தைக்கு போட்டோ புடிக்கறியா? கொஞ்சம் சிரிக்கச் சொல்லு.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிஸ்கட் பாக்கெட்டை மடித்து வைத்தான். பேட்டரி குறைவதாக டேப்லெட் ஒலி எழுப்பியது. நாய் திரும்பி வாசலைக் கடந்தது. திரையில் எழுத்து வந்தது: முந்தைய பதிவோடு பொருந்துகிறது. ஐயம் இல்லை.

கையிலிருந்த பிஸ்கட் தூளாகியிருந்தது.

மேலே ஓடிப் போய்ப் பார்க்க மூன்று மாடிதான். வண்டியில் டிரைவர் இருந்தார், ட்ரோன் இருந்தான். வண்டி கிளம்பியது. அம்மா இரண்டு மணிக்கு மேல்தான் வேலையிலிருந்து வருவாள். போன் இவள் பையில் இருந்தது. மதியம் முழுவதும் கணினி அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் அறைகளைத் துடைத்தாள். அப்பா தூங்கியிருக்கலாம். தூங்குகிறவர்களின் நெஞ்சு ஏறி இறங்கும், அதையும் இந்த லேசர் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மேலே கிடந்தது கனத்த போர்வை. பிடிக்காமலும் போகலாம். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தாள். கணினியில் அந்த அறையைத் திறந்து, மேட்டைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கப் பெரிதாக்க அது தனித்தனிப் புள்ளிகளாக விலகிப் போயிற்று. கடைசியில் நடுவே ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு அவள் ஓடவில்லை. ஓடினால் தெருவில் யாராவது பார்ப்பார்கள். உடைந்த படியில் அன்றுதான் முதல்முறையாக இடறினாள்.

அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் செருப்போடு நடுவீட்டில் நின்றாள். ஏன் அசையவில்லை என்று கேட்டாள். அப்பா டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

“கண்ணு அசந்துட்டேன் பாப்பா.”

“பொய் சொல்றீங்க.”

அம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் அப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை.

அப்பா டம்ளரைச் சுழற்றினார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். நாய் வந்தது, கையைத் தூக்கத்தான் போனாராம். அப்போதுதான் தோன்றியதாம். ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்து ஆள் யார் என்று கேட்பார்கள். யார் என்று தெரிந்தால் வீடு யாருடையது என்று பார்ப்பார்கள். வீட்டைக் காலி என்று எழுதிக் கொடுத்தவன் யார் என்று வந்து நிற்கும்.

“அண்ணனைப் புடிச்சு உள்ள வெச்சுடுவாங்க. இந்த வயசுல அவன் அங்க போய் என்ன பண்ணுவான்? நான் விழுந்தப்ப நமக்குக் கூரை குடுத்தவன் அவன்.” டம்ளரைக் கீழே வைத்தார். “எனக்கு மெத்தையா இருக்கறது ஒண்ணும் புதுசு இல்ல. நாலு வருஷமாப் பழக்கம்தான்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அம்மா எழுந்தாள். ஜன்னல் கம்பளியை இழுத்துச் சரிசெய்தாள், சரியாக இருந்ததையே. செவ்வாய்க்கிழமை அத்தனை வாதாடியவள் இவள்தான். இப்போது அவள் குரல் தாழ்ந்து, தட்டையாக வந்தது.

“உங்க அண்ணன் காலின்னு கையெழுத்துப் போட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க? இதே இடத்துலதான் படுத்திருந்தீங்க. நானும் இருந்தேன். இவளும் இருந்தா. மெஷினுக்குக் கண்ணு தெரியல, விடுங்க. உங்க அண்ணனுக்குக் கண்ணு தெரியும்.”

அப்பாவால் திருப்ப முடிந்தது முகத்தை மட்டும்தான். அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மா மகளிடம் சொன்னாள்: “நாளைக்குப் போய் வாயைத் திறந்து சொல்லிடு. இந்த ஆளு கடைசிவரைக்கும் அசைய மாட்டாரு.”

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே பேராசிரியையைத் தேடிப் போனாள். அவர் கூட்ட அரங்கில் ஒரு மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். “மேடம், ஒரு விஷயம்,” என்றாள். “அப்புறம்மா, அப்புறம். இந்த ஒயரைக் கொஞ்சம் பிடி,” என்றார் அவர். அவள் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் வாரியத்திலிருந்து வந்துவிட்டார்கள். பேராசிரியை வாசலுக்கு ஓடினார்.

அதிகாரி ஐம்பது வயதுக்காரர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் வரிசை நடுவில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் கையெழுத்துக்கான டேப்லெட்டும் எழுதுகோலும் வைத்திருந்தார்கள். வகுப்பு முழுவதும் பின்னால் இருந்தது. அவள் சுவரோரம்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் கட்டிடம் வந்தது. பேராசிரியை ஒரு பொத்தானை அழுத்த, அது சத்தமில்லாமல் பிரிந்தது. கூரை மேலே எழுந்தது. கதவுகள் வரிசையாக விலகிப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் பொருந்தின. ஜன்னல் கம்பிகள் ஒரு பூங்காவின் வேலியாயின. செங்கற்கள் பறவைக் கூட்டம் போலக் கிளம்பிப் போயின. குளியலறை ஓடுகளுக்குக்கூடப் போக இடம் இருந்தது. நூற்றில் தொண்ணூற்றாறு பங்கு வீணாகவில்லை, கணக்கெடுப்புக்காக ஒரு மனிதர்கூட ஆபத்தான படியில் ஏற வேண்டியிருக்கவில்லை என்று பேராசிரியை சொன்னபோது அவர் குரல் லேசாக நடுங்கியது. அதிகாரி தலையசைத்தார். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அவளுக்கும் அது தெரிந்தது. அதில் பாதி அவள் துடைத்த அறைகள்.

மூன்றாம் மாடியை ட்ரோன் விளக்கினான். வேகமாகப் பேசினான். கிழக்குக் கோடி வீடு வந்ததும், அதிகாரியைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, நிறுத்தினான்.

“இது எங்க வகுப்போட மெத்தை சார். தொடப்பம்னு எங்ககூட ஒரு பொண்ணு. இந்த ஒரு மெத்தைக்காக நாயை ரெண்டு தடவை மாடி ஏற விட்டா. நாங்க அதுக்குப் பேர் வைக்கலாம்னு இருக்கோம்.”

அரங்கம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, வாரக்கடைசி நெருங்கும்போது வரும் சிரிப்பு. பேராசிரியைகூடப் புன்னகையோடு அவள் இருந்த பக்கம் பார்த்தார். திரையில் அறை சுற்றிக்கொண்டிருந்தது. சுவர், பரண், கதவோரம் செங்கல், மேடு. மேட்டுக்கு மேலே சிவப்பில்: மறுபயன்பாடு இல்லை.

அதிகாரி எழுதுகோலைக் கையில் எடுத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். யார் அந்தப் பெண் என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் விலகி அவளைக் காட்டினார்கள்.

“பரவாயில்லையே. ஒரு பழைய மெத்தைக்கு இவ்வளவு அக்கறையா? அப்படி என்னம்மா இருக்கு அதுல?”

அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு டேப்லெட்டின் பக்கம் குனிந்தார். எழுதுகோலின் முனை கண்ணாடியைத் தொடப்போனது.

அவள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். வலது கையைத் தூக்கினாள். யாரும் பார்க்கவில்லை. அந்தக் கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள், தேர்தலில் நிற்கிறவர் மாதிரி. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. அதிகாரி நிமிர்ந்தார்.

“அது மெத்தை இல்ல சார்,” என்றாள். “எங்க அப்பா.”